46 பவுண்டு 61 ஆன விதம்: கூட்டாகச் செய்யச் சொன்ன ஒரு ஷெஃபீல்டு மடிப்புக் கத்தி

பின்னணி

பழைய பாணி மடிப்புக் கத்திகளில் ஈடுபாடுள்ள சுமார் 130 பேரின் வட்டம் இது. பாதிக்கும் மேற்பட்டோர் பிரிட்டனில் இருந்தார்கள். மற்றவர்கள் அயர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்காவில். ஓய்வுபெற்ற ஆசிரியர், தச்சர், ஆட்டுப்பண்ணைக்காரர், கணினி வேலையில் இருப்பவர் என்று பல வகையினர். வட்டம் தொடங்கிப் பத்தாண்டு நிறைவதை ஒட்டித் தங்களுக்கென்று ஒரு கத்தி செய்யச் சொல்லி வாங்குவது என்று 2019 செப்டம்பரில் முடிவாயிற்று. மூன்று பேர் பொறுப்பேற்றோம். ஒருவர் கத்தியின் வடிவத்தைக் கவனித்தார், ஒருவர் பட்டறைகளோடு பேசினார், கணக்கு என்னிடம் வந்தது. நடந்தவற்றில் பெரிய பிழை கணக்கில்தான் நேர்ந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கத்தி

யார் செய்வது என்பதற்கு முன் என்ன செய்வது என்பதை முடித்துக்கொண்டோம். இந்த வரிசையை இப்போதும் சரி என்றே நினைக்கிறேன். பட்டறையை முதலில் பிடித்திருந்தால் அந்தப் பட்டறையின் கையிருப்பில் உள்ள அச்சுக்கு எங்கள் ஆசையை வெட்டிக்கொண்டிருப்போம்.

தேர்ந்தது 'லாம்ப்ஃபுட்' என்ற வடிவம், அதாவது ஆட்டுக்குட்டியின் கால். வெட்டும் விளிம்பு நேர்க்கோடாக இருக்கும். முதுகு மெல்லச் சரிந்து நுனியில் வந்து சேரும். ஆட்டின் குளம்பைச் சீவப் பயன்பட்ட வடிவம் இது. விளிம்பு நேராக இருப்பதால் சாணைக்கல்லில் தீட்டுவது எளிது. புதிதாகப் பழகுபவரும் கெடுத்துவிட முடியாது. இது பூட்டு இல்லாத கத்தி. உள்ளே இருக்கும் முதுகுவில்லின் அழுத்தம்தான் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்துகிறது.

பூட்டு இல்லாததற்கும் அலகின் நீளத்துக்கும் சட்டக் காரணம் உண்டு. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடிப்புக் கத்தியைத் தனியாகக் காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் இந்த விலக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே இரண்டே முக்கால் அங்குல அலகு, பூட்டு இல்லை.

எஃகு பற்றி இரண்டு வாரம் வாதம் நடந்தது. துருப்பிடிக்காத எஃகு, நம் வீட்டு எவர்சில்வர், கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டோடு சேர்த்துப் பேசப்படும் பொருள். ஹாரி பிரியர்லி 1913-இல் அங்கேதான் அதை உருக்கினார். ஆனாலும் வட்டத்தில் பெரும்பான்மையோர் பழைய கார்பன் எஃகையே கேட்டார்கள். ஆப்பிளும் எலுமிச்சையும் நறுக்க நறுக்க அது சாம்பலும் நீலமுமாகக் கருத்துவிடும். வீட்டில் அரிவாள்மனை வைத்திருந்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். அந்தக் கருமைக்காகவே வாங்குபவர்கள் உண்டு, துடைக்காமல் வைத்துத் துருவைக் கண்டதும் புகார் எழுதுபவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் சிலராவது வருவார்கள் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டோம்.

கைப்பிடிக்கு முதலில் வந்த பெயர் கடமான் கொம்பு. 1998-இல் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடைசெய்த பிறகு சரக்கு அருகி விலை ஏறிவிட்டது. அதைப் போட்டால் கத்தி ஒன்றுக்கு 31 பவுண்டு கூடும் என்றது ஒரு பட்டறை. அடுத்தது ரோஸ்வுட், நம் ஊர்த் தோதகத்தி. அந்த மர இனம் முழுவதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சிறு பொருள்களுக்கு விலக்குகள் இருந்தாலும் நாடுவிட்டு நாடு அனுப்பும்போது தாள்களோடு மல்லுக்கட்ட யாருக்கும் தெம்பில்லை. மிஞ்சியது எருமைக் கொம்பு. கறுப்பு, மெருகேற்றினால் கண்ணாடி போல் மின்னும், விலையும் கட்டுப்படும். அதன் குணத்தைப் பற்றி அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

நான்கு விலைப்புள்ளிகள்

2019 அக்டோபரில் நான்கு இடங்களில் விலை கேட்டோம்.

ஷெஃபீல்டில் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு கைவினைஞர் 160 பவுண்டு சொன்னார். அதிகபட்சம் 15 கத்திகள், ஒன்றரை ஆண்டு ஆகும். அப்படிப்பட்டவர்களை அந்த ஊரில் 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். அவர்களில் பெயர்பெற்ற ஸ்டான் ஷா, 2021-இல் தம் 94-ஆம் வயதில் காலமானவர், செய்த கத்திகளுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நாங்கள் கேட்டவர் சொன்ன விலை நியாயமானதே. எங்கள் எண்ணிக்கைதான் அவருக்கு ஒத்துவரவில்லை.

ஜெர்மனியின் சோலிங்கனில் ஒரு தொழிற்சாலை 39 யூரோ சொன்னது. குறைந்தது 300 கத்திகள் எடுக்க வேண்டும். சோலிங்கன் என்ற பெயரைக் கத்தியில் பொறிக்க, முக்கியமான வேலைகள் எல்லாம் அந்த வட்டாரத்திலேயே நடக்க வேண்டும் என்று அங்கே சட்டமே உண்டு. ஆகவே தரத்தில் எங்களுக்கு ஐயமில்லை. மீதி 200 கத்திகளை எங்கே வைப்பது?

மூன்றாவது ஓர் இடைத்தரகர். பாகிஸ்தானின் வஜீராபாத்தில் செய்து, எங்கள் வட்டத்தின் பெயரைப் பொறித்து, 14 பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னார். வஜீராபாத்தில் நல்ல கத்தி செய்கிறார்கள். அதைக் குறைத்துப் பேசுவது அறியாமை. ஆனால் கத்தியில் 'ஷெஃபீல்டு' என்று பொறித்தும் தரமுடியும் என்று கேட்காமலேயே அவர் சேர்த்துச் சொன்னார். அந்த வரியோடு பேச்சு முடிந்தது.

நான்காவது, ஷெஃபீல்டில் ஐந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறை. 100 கத்தி என்றால் ஒன்று 46 பவுண்டு. 75-க்கு மேல் 100-க்குள் என்றால் 48. அலகில் வட்டத்தின் சின்னத்தைப் பொறிக்கத் தகடு செய்ய ஒரே ஒருமுறை 120 பவுண்டு. முன்பணம் 40 சதவீதம், 2020 ஜூனில் ஒப்படைப்பு.

நான்காவதைத் தேர்ந்ததற்கு விலை மட்டும் காரணமாக இருக்கவில்லை. திறக்கும்போது பாதியில் ஒருகணம் நின்று செல்லும் அமைப்பு வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்தோம். மற்ற மூவரும் "செய்யலாம்" என்றார்கள். இந்தப் பட்டறைக்காரர் மட்டும், "எங்கள் அலகின் அடி வட்டமாக வரும், சதுரமாக வராது. அதை மாற்றினால் நான் பழகாத வேலை, 80 கத்தியில் பழகிப் பார்க்க விரும்பவில்லை" என்று எழுதினார். பட்டறைகளோடு பேசிய நண்பர் அந்தக் கடிதத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினார். மூன்று பேரும் அப்போதே மனத்தில் முடிவு செய்துவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

மாதிரியைச் சோதித்தது

நவம்பரில் அதே வடிவத்தில் ஏற்கெனவே செய்த இரண்டு கத்திகளை அனுப்பினார்கள். ஒரு சமையலறை மேசையில், ஜன்னலோரமாக, மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் கத்தியை மூடி, முதுகுவில்லுக்கும் பித்தளை உள்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று ஜன்னலை நோக்கிப் பிடித்தோம். ஒன்றில் தெரியவில்லை, மற்றதில் மயிரிழை அளவு. பிறகு மூடிய கத்தியில் அலகு இரு பக்கமும் உரசாமல் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தோம். பிறகு ஒரு தாள் துண்டை அலகு அமரும் பள்ளத்தில் வைத்து மூடினோம். தாளில் வெட்டு விழுந்தால் விளிம்பு வில்லில் இடிக்கிறது என்று பொருள். நாளடைவில் கூர் அந்த இடத்தில் மழுங்கும். விழவில்லை.

கடைசியாக ஓசை. இந்தத் தொழிலில் கத்தியின் 'நடையும் பேச்சும்' என்று ஒரு வழக்கு உண்டு. நகக்குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுக்கும்போது அலகு இடறாமல் நகர்வது நடை. முடிவில் வில் 'டக்' என்று அமர்வது பேச்சு. முதல் கத்தி நன்றாகப் பேசியது. இரண்டாவது கொஞ்சம் முனகியது. இரண்டின் குறிப்பையும் பட்டறைக்கு எழுதி, முதல் கத்தியே அளவுகோல் என்று ஒப்புதல் வாங்கினோம். அந்தக் கத்தியை நாங்களே விலைகொடுத்து எடுத்து வைத்துக்கொண்டோம். பின்னால் எந்தச் சச்சரவும் நீளாமல் போனதற்கு அந்த ஒரு கத்திதான் காரணம்.

55 பவுண்டு

2020 ஜனவரியில் வட்டத்துக்கு விலையை அறிவித்தோம்: அஞ்சல் செலவு நீங்கலாக 55 பவுண்டு, முன்பணம் 25. நான் போட்ட கணக்கு இது: கத்தி 46 அல்லது 48, பொறிப்புத் தகடும் பொட்டலமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்து 4, எதிர்பாராததற்கு மிச்சம்.

"வேண்டும்" என்று கை தூக்கியவர்கள் 118 பேர். முன்பணம் கட்டியவர்கள் 84 பேர். ஆளுக்கு ஒன்றுதான் என்று கட்டுப்பாடு வைத்திருந்தோம். கை தூக்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல்தான் பணமாக மாறியது. 100-ஐ எட்டவில்லை என்பதால் 48 பவுண்டு விலையே பொருந்தியது.

பட்டியல் வந்த நாள்

பிப்ரவரி நடுவில் பட்டறையின் முன்விலைப்பட்டியல் வந்தது. கீழே ஒரு வரி: மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம். 48 பவுண்டு 57.60 ஆயிற்று, பொறிப்புத் தகடு 120 போய் 144. அக்டோபரில் வந்த விலைப்புள்ளியை எடுத்துப் பார்த்தேன். 'வரி தனி' என்று தெளிவாக எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை. கடையில் ஒட்டியிருக்கும் விலை வரியோடு இருப்பதைப் பார்த்துப் பழகிய கண், பட்டறை விலையையும் அப்படியே வாசித்துவிட்டது.

84 கத்திக்கு 4,982.40 பவுண்டு கொடுக்க வேண்டும். நாங்கள் வாங்கப்போவது 4,620. பொட்டலச் செலவுக்கு முன்பே 362.40 துண்டு விழுந்தது.

மூன்று வழிகள் இருந்தன. கைப்பிடியின் முனையில் வரும் உலோகப் பூணை ஜெர்மன் சில்வர் என்ற நிக்கல் கலவையிலிருந்து சாதாரண எஃகுக்கு மாற்றி, பொறிப்பையும் விட்டுவிட்டு, 55-க்குள் அடக்குவது ஒன்று. துண்டு விழுந்ததை நாங்கள் மூவரும் ஏற்பது இன்னொன்று. உண்மையைச் சொல்லி விலையை உயர்த்துவது மூன்றாவது. முதலாவதை வடிவம் பார்த்த நண்பர் மறுத்தார். ஒப்புக்கொண்ட கத்தி ஒன்று, வந்து சேரும் கத்தி வேறொன்று என்றாகிவிடும் என்பது அவர் வாதம். இரண்டாவதற்கு நான் தயாராக இருந்தேன், குற்ற உணர்ச்சிதான். ஆனால் ஒருமுறை அமைப்பாளர்கள் கைக்காசு போட்டால் அடுத்த முறை பொறுப்பேற்க யாரும் முன்வர மாட்டார்கள் என்று மற்ற இருவரும் சொன்னார்கள்.

மூன்றாவதையே செய்தோம். புதிய விலை 61 பவுண்டு. எது எவ்வளவு என்ற முழுக் கணக்கும் அதே கடிதத்தில். பிழை யாருடையது என்பதும். விலக விரும்புவோருக்குப் பத்து நாள் அவகாசம், முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும். ஆறு பேர் விலகினார்கள், காத்திருப்போரில் நான்கு பேர் சேர்ந்தார்கள். 82 என்று நின்றது. பிப்ரவரி 28 அன்று 40 சதவீத முன்பணமாக 1,946.88 பவுண்டு அனுப்பினோம். மீதி 36 பவுண்டை வேலை முடிந்த பிறகே உறுப்பினர்களிடம் வாங்குவது என்று வைத்தோம். அப்போது அது நேர்மைக்காகச் செய்த ஏற்பாடாக மட்டுமே தோன்றியது.

பூட்டிய பட்டறை

மார்ச் 23 அன்று பிரிட்டன் முழுவதும் பொதுமுடக்கம். அலகுகள் வெட்டி, கடினப்படுத்தி முடிந்திருந்தன. சாணை பிடிப்பதற்கு முன் பட்டறை பூட்டியது. ஒன்பது வாரம். திறந்த பிறகும், வில்களைப் பொருத்தும் முதியவர் இலையுதிர் காலம் வரை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

"கடை மூடிவிட்டால் எங்கள் பணம்?" என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று மூவரும் பேசினோம். அந்தப் பணம் அதற்குள் எஃகும் கொம்பும் பித்தளையுமாக மாறியிருந்தது. கேட்டால் பட்டறையை இறுக்குவோமே தவிரப் பணம் வராது. 82 அலகுகளையும் மரப்பலகையில் அடுக்கிப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். அனுப்பினார்கள். படம் எல்லாருக்கும் போனது. ஒவ்வொருவருடைய 36 பவுண்டும் இன்னும் அவரவர் பையிலேயே இருந்ததால் கோபம் எல்லை மீறவில்லை.

டிசம்பர் 31

நவம்பரில் பட்டறை, ஜனவரி இறுதியில் முடியும் என்றது. 2021 ஜனவரி 1 அன்று பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையைவிட்டு வெளியேறுகிறது. அதுவரை ஜெர்மனிக்கு ஒரு பொட்டலம் அனுப்புவது லண்டனுக்கு அனுப்புவது போலத்தான். அதன் பிறகு சுங்கப் படிவம், அங்கே இறக்குமதி வரி, அஞ்சல் துறையின் கையாள் கட்டணம்.

ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர்கள் 13 பேர். அவர்களுடைய கத்திகளை மட்டும் முதலில் முடித்துத் தர முடியுமா என்று கேட்டோம். முடியாது என்றார்கள். ஒவ்வொரு கட்டமும் 82-க்கும் சேர்த்து நடக்கிறது. மெருகுச் சக்கரத்தை ஒருமுறை அமைத்தால் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. 13-ஐ மட்டும் பிரித்தால் அவசரத்தில் அந்த 13 கெடும் என்றார் பட்டறைக்காரர். வற்புறுத்தவில்லை. அந்த 13 பேருக்கும் வரக்கூடிய செலவை டிசம்பரில் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. இதுதான் எங்கள் இரண்டாவது பிழை. முதலாவதைவிட மோசமானது என்பேன், ஏனென்றால் இதில் விவரம் கைவசம் இருந்தது.

வந்து சேர்ந்தவை

2021 பிப்ரவரி 9 அன்று இரண்டு பெட்டிகளில் வந்தன. அளவுகோல் கத்தியைப் பக்கத்தில் வைத்து 82-ஐயும் திறந்து மூடிப் பார்க்க ஒரு முழு நாள் ஆயிற்று. மாலையில் கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. இரண்டில் அலகு ஒருபக்கம் சாய்ந்து உரசியது. திருப்பி அனுப்பினோம், பத்து நாளில் சரியாகி வந்தன.

பிரிட்டனின் 53 கத்திகள் சிக்கலின்றிப் போயின. அமெரிக்காவுக்குப் 16. அவர்கள் நாட்டில் அந்த மதிப்புக்கு அப்போது தீர்வை இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர் மிகவும் பணிவாக ஒரு கேள்வி எழுதினார்: "நான் ஏன் பிரிட்டனின் வரியைக் கட்டினேன்?" பட்டறையே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் அது ஏற்றுமதி, வரி சுழியம். நாங்கள் உள்நாட்டில் வாங்கி நாங்களே அனுப்பியதால் வரி கட்டியாயிற்று. வட்டம் வரிப் பதிவு பெற்ற அமைப்பு அல்லாததால் திரும்பப் பெறவும் வழியில்லை.

ஐரோப்பியர்கள் நிலை இன்னும் மோசம். ஜெர்மனியில் உள்ளவர் 9.60 பவுண்டு பிரிட்டன் வரியைக் கட்டிய கத்திக்கு, அஞ்சல் செலவையும் சேர்த்த மதிப்பில் 19 சதவீதம் மீண்டும் கட்டினார். அதற்கு மேல் கையாள் கட்டணம். ஒரே கத்திக்கு இரண்டு நாட்டு வரி. இருவர் பொட்டலத்தை வாங்க மறுத்தார்கள். கத்திகள் திரும்பி வந்தன. வெளிநாட்டு உறுப்பினர்கள் 29 பேரும் சேர்ந்து வீணாகக் கட்டிய பிரிட்டன் வரி மட்டும் 278.40 பவுண்டு. கத்திக்கு என்ன விலை என்று நான்கு பேரிடம் கேட்ட நாங்கள், அது ஒருவர் கைக்குப் போய்ச் சேர என்ன ஆகும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஒருவர் தம் கத்தியை ஒரே மாதத்தில் 140 பவுண்டுக்கு விற்றார். சிலர் கொதித்தார்கள். அவருடைய கத்தி, அவருடைய காசு, நாங்கள் தலையிடவில்லை.

மார்ச்சில் கொம்பு பேசத் தொடங்கியது. ஏழு பேர் எழுதினார்கள்: பூணும் கொம்பும் சேரும் இடத்தில் இடைவெளி, தாள் நுழைகிறது. கொம்பு ஈரத்தை இழந்தால் சுருங்கும். குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீடுகளின் வறண்ட காற்றில் அதுதான் நடந்தது. ஐந்தில் வெறும் கோடு, அப்படியே விட்டார்கள். இரண்டில் தறையாணியை ஒட்டி விரிசல். பட்டறை கைப்பிடியைக் கட்டணமின்றி மாற்றியது. போகவர ஆன அஞ்சல் செலவில், பொட்டலமும் பரிமாற்றக் கட்டணமும் கழித்து மீந்திருந்த 11.40 பவுண்டும் தீர்ந்தது.

அடுத்த முறை

2023-இல் இரண்டாவது கத்திக்கு அதே பட்டறையைக் கேட்டோம். தாமதத்துக்குப் பிறகும் ஏன் அவர்களே என்று சிலர் கேட்டார்கள். முடியாததை முடியாது என்று சொன்ன இடம் அது. 82-இல் பட்டறைக்குத் திரும்பிப் போனவை நான்குதான், நான்கும் மறுபேச்சின்றிச் சரியாகி வந்தன.

மாறியவை வேறு. விலைப்புள்ளியை மூன்று பத்தியாகக் கேட்டோம்: வரியில்லாமல், வரியோடு, வெளிநாட்டு உறுப்பினர் வீட்டு வாசலில். வெளிநாட்டுக் கத்திகளைப் பட்டறையே நேரடியாக அனுப்புகிறது. பொட்டலத்துக்கு 3 பவுண்டு கூடுதல் என்றாலும் வரி மிச்சத்துக்கு முன் அது ஒன்றுமில்லை. பட்டியல் கைக்கு வந்து, மூவரும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்த பிறகே விலையை அறிவித்தோம். எண்ணிக்கையைக் கை தூக்கியவர்களை வைத்து மதிப்பிடவில்லை. அதில் மூன்றில் இரண்டு பங்கை வைத்தே பட்டறையோடு பேசினோம். கைப்பிடி மாட்டு எலும்பு. மீதித் தொகையை முடிவில் வாங்கும் முறையை அப்படியே வைத்துக்கொண்டோம்.

திரும்பி வந்த இரண்டு கத்திகளில் ஒன்று காத்திருப்போரில் ஒருவருக்குப் போனது. மற்றதன் உரிமையாளர் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. என் இழுப்பறையில் கிடந்த அதற்கு மாதம் ஒருமுறை எண்ணெய் தடவி வைத்தேன். 2022 கோடையில் டியூசல்டார்ஃபிலிருந்து வந்த அந்த உரிமையாளர், கத்தியை ஒருமுறை திறந்து மூடி ஓசையைக் கேட்டுவிட்டு, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் காலுறையில் சுற்றி வைத்துக்கொண்டார்.